படத்திலிருந்து எடுத்த பெயர்

ராத்திரி பதினொன்றரைக்கு அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டான். கடப்புறத்து வீட்டில் அந்த நேரத்துக்கு போன் அடித்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். கடலுக்குப் போனவர்களைப் பற்றிய கெட்ட சேதி அப்படித்தான் வரும். அவனுக்கும் அது தெரியும். எடுத்ததும், "சித்தி, பயப்படாதீங்க, நான் நல்லா இருக்கேன்" என்றான். அப்புறம், "அந்தப் போட்டோல என் பேர டேக் பண்ணியிருக்கீங்கல்லா, அத மட்டும் எடுத்திருங்க."

2024 கிறிஸ்துமஸுக்கு அவன் ஊருக்கு வந்திருந்தான். அந்த வாரம் எங்கள் பங்கு இளைஞர்கள், காசாவில் செத்துப்போன குழந்தைகளுக்காகக் கடற்கரையில் மெழுகுதிரி ஏற்றினார்கள். நாற்பது பேர்கூட இருக்காது. காற்றில் திரி நிற்கவில்லை என்று ஆளுக்கொரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து அதற்குள் வைத்துப் பிடித்துக்கொண்டோம். ஜெபமாலை சொன்னோம். ஒரு பிள்ளை பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் "இஸ்ரேலே, குழந்தைகள் மேல் குண்டு போடாதே" என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கொண்டுவந்திருந்தது. அதைப் பிடித்தபடி எல்லாரும் நின்ற படம் அது. முகநூலில் போட்டு அவன் பெயரையும் சேர்த்திருந்தேன்.

"அதுல என்ன மக்களே தப்பு?" என்று கேட்டேன்.

"தப்பு ஒண்ணும் இல்ல சித்தி. விசா புதுக்கணும். எல்லாத்தையும் நோண்டுறாங்க."

எடுத்துவிட்டேன். அரை நிமிஷ வேலை. ஆனால் அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் குழித்துறை கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன். வரப்புத் தகராறு, செக் கேஸ், விபத்து இழப்பீடு என்று ஓடுகிற பிழைப்பு. அரசியல் சாசனத்தைத் தினமும் புரட்டுகிற வக்கீல் இல்லை நான். ஆனாலும் சிரட்டைக்குள் மெழுகுதிரி பிடித்த ஒரு பையனைத் தன் பெயரை அழிக்கவைக்கிற சட்டம் எது என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. கோர்ட் முடிந்து வந்து ஒரு வாரம் அதைத்தான் படித்தேன்.

நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்ததை ஹோலோகாஸ்ட் என்கிறார்கள். 2016 மே மாதம் பன்னாட்டு ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டமைப்பு, யூத வெறுப்பு என்றால் என்ன என்று ஒரு வரையறையை ஏற்றுக்கொண்டது. ஐ.எச்.ஆர்.ஏ. வரையறை என்று சொல்கிறார்கள். இது சட்டமாக யாரையும் கட்டுப்படுத்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. வரையறை இரண்டே வாக்கியம். அதன்கீழ் பதினொரு எடுத்துக்காட்டுகள். அந்தப் பதினொன்றில் ஏழு, இஸ்ரேல் என்ற நாட்டைத் தொட்டு வருகின்றன. இஸ்ரேல் அரசு செய்கிற காரியத்துக்கு எல்லா யூதர்களையும் பொறுப்பாக்குவது யூத வெறுப்பு என்று ஒன்று சொல்கிறது. அதை நான் கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்வேன். ஆனால் இஸ்ரேல் அரசின் இன்றைய செயல்களை நாஜிகளோடு ஒப்பிடுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்காது. எனக்குப் பிடிக்காத பேச்சுக்கும் சட்டம் தண்டிக்க வேண்டிய பேச்சுக்கும் நடுவில் நிறைய தூரம் உண்டு, அதுதான் என் சங்கடம். மற்ற நாடுகளை விமர்சிப்பதுபோல இஸ்ரேலை விமர்சித்தால் அது யூத வெறுப்பு ஆகாது என்றும் அதில் ஒரு வரி இருக்கிறது. நல்ல வரிதான். விசா கவுண்டரில் நிற்கிற பையனுக்காக அந்த வரியை யார் எடுத்து வாசிப்பார்கள்?

இந்த வரையறைக்கு முதலில் வரைவு எழுதியவர்களில் முக்கியமானவர் கென்னத் ஸ்டெர்ன், அமெரிக்க யூதர், வக்கீல். 2004, 2005 வாக்கில் எழுதினார்கள். ஐரோப்பாவில் யூதர்கள்மேல் நடக்கிற தாக்குதல்களை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி எண்ணிக்கொண்டிருந்ததால், கணக்கெடுப்பவர்களுக்கு ஒரே அளவுகோல் வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. அதையே பல்கலைக்கழகத்தில் மாணவன் பேசுகிற பேச்சை அளக்கச் சட்டமாக்கப் பார்த்தபோது, 2017-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய், வேண்டாம் என்று சாட்சி சொன்னவரும் அவர்தான். வரைவு எழுதினவரே கூண்டில் ஏறி, நான் இதற்காக எழுதவில்லை என்று சொன்னால் எங்கள் கோர்ட்டில் அந்த ஆவணத்துக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.

அவர் சொல் எடுபடவில்லை. 2019 டிசம்பரில் டிரம்ப் ஓர் ஆணை போட்டார். 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் தலைப்பின்படி பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும்போது இந்த வரையறையையும் எடுத்துக்காட்டுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று. 2024 மே 1 அன்று, அதையே கல்வித் துறைக்குச் சட்டமாக்கும் மசோதா கீழவையில் 320-க்கு 91 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஜெர்ரி நாட்லர் ஒருவர். நியூயார்க் உறுப்பினர், யூதர். மேலவையில் அந்த மசோதா அப்போது தேறவில்லை. ஆனால் மசோதா தேறாமலேயே பயம் தன் வேலையைச் செய்கிறது. 2025 மார்ச்சில், அமெரிக்கப் பல்கலைக்கழகப் பத்திரிகையில் மற்றவர்களோடு சேர்ந்து இஸ்ரேல் தொடர்பாக ஒரு கட்டுரை எழுதிய துருக்கி மாணவி ஒருவரை, முகமூடி போட்ட அதிகாரிகள் தெருவில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். மே மாதம் நீதிபதி சொல்லித்தான் வெளியே விட்டார்கள். ஏப்ரலில், குடியேற்ற விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகங்களில் யூத வெறுப்பு தெரிகிறதா என்று பார்ப்போம் என்று அறிவித்தார்கள். ஜூனில், மாணவர் விசா கேட்பவர்கள் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்துவைக்க வேண்டும் என்றார்கள். அக்கா மகன் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

வெளிநாடு ஒன்றை விமர்சிக்கிற அனுபவம் எங்கள் கரைக்குப் புதிதில்லை.

2012 பிப்ரவரி 15. கேரளக் கரைக்கு வெளியே 'செயின்ட் ஆன்டணி' என்ற விசைப்படகில் பதினொரு பேர். பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிக் கப்பலின் காவலுக்கு வந்த கடற்படை வீரர்கள், கடற்கொள்ளையர் என்று நினைத்ததாகச் சொல்லிச் சுட்டார்கள். இரண்டு பேர் செத்தார்கள். ஒருவர் கொல்லத்துக்காரர். இன்னொருவர் எங்கள் மாவட்டத்துப் பையன், சின்ன வயசு.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் இந்தக் கரையில் சாயாக்கடைப் பேச்சுக்குக்கூட மனப்பாடம். எங்கள் ஆட்களை உங்கள் கோர்ட் விசாரிக்க முடியாது என்று இத்தாலி சொன்னது. ஓட்டுப் போட ஊருக்கு அனுப்பிய வீரர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்றது. 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், இத்தாலித் தூதர் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று சொல்ல வேண்டி வந்தது. கடைசியில் வழக்கு பன்னாட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. வீரர்களுக்கு விலக்குரிமை உண்டு, இந்தியா விசாரிக்க முடியாது, ஆனால் இத்தாலி இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2020-ல் தீர்ப்பு. பத்துக் கோடி ரூபாய் கட்டிய பிறகு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் இங்கே வழக்கை முடித்துவைத்தது. செத்தவர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் நான்கு கோடி, படகுக்காரருக்கு இரண்டு கோடி. பிறகு ரோமில் நடந்த விசாரணையும் கைவிடப்பட்டது.

அந்த நாட்களில் இத்தாலியை நாங்கள் பேசாத பேச்சு இல்லை. எங்கள் ஊர் ஊர்வலம் மாதா கெபியின் முன்னால்தான் தொடங்கியது. அந்த மாதா சுரூபம் இத்தாலியில் செய்து கப்பலில் வந்தது என்று பாட்டிமார் சொல்வார்கள். அதற்கு மாலை போட்டுவிட்டு, "இத்தாலி அரசே, நீதி கொடு" என்று அட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். அட்டை எழுதியது நான்தான். இந்தக் கரையில் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். போப் இருப்பது ரோமில். இத்தாலியைத் திட்டுகிறவன் கத்தோலிக்கரை வெறுக்கிறவன் என்று அன்றைக்கு யாராவது ஒரு வரையறை எழுதி, எங்கள் பிள்ளைகளின் வேலைக்கும் விசாவுக்கும் அதை அளவுகோலாக வைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழ வேண்டியிருக்கும்.

இவ்வளவு எழுதிவிட்டு, அந்த மெழுகுதிரி ராத்திரியில் நடந்த மற்றதை எழுதாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகும்.

எங்கள் மாமி ஒருவர் 2014 முதல் 2023 வரை இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். ஒன்பது வருடமும் ஒரே வீடு, ஒரே பாட்டி. மாமி அவரை 'சவ்தா' என்றுதான் சொல்வார். அந்த ஊர்ப் பாஷையில் பாட்டி என்று அர்த்தம். ஹங்கேரியில் பிறந்தவர். 1944-ல் பதினாறு வயதில் ஆஷ்விட்ஸ் என்ற நாஜி கொலை முகாமுக்குப் போனவர். இடது முன்கையில் அங்கே பச்சை குத்திய நம்பர் உண்டு. ஒவ்வொரு ராத்திரியும் படுக்கும் முன்னால் அவருடைய செருப்பை வாசலைப் பார்த்த மாதிரி திருப்பி, கட்டில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஒரு நாள் மாமி மறந்துவிட்டார். பாட்டி தூங்கவில்லை. பிடித்துக்கொண்டு போன அன்றைக்கு அவசரத்தில் தங்கச்சிக்குச் செருப்பு கிடைக்கவில்லையாம், வெறுங்காலோடு போனாளாம். அதற்குமேல் பாட்டி சொன்னதில்லை, மாமி கேட்டதுமில்லை. இப்போது மாமி நம்ம ஊர் வீட்டில் படுக்கும்போதும், ரப்பர் செருப்பு இரண்டும் வாசலைப் பார்த்துத்தான் கிடக்கும்.

அந்த வீட்டு மகள், 2023 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் கொடியைத் தூக்கிக்கொண்டு தன் சொந்த அரசுக்கு எதிரான ஊர்வலத்துக்குப் போவார். நீதிமன்றத்தின் அதிகாரத்தைக் குறைக்கப் பார்க்கிறார்கள் என்று அந்த நாட்டில் லட்சக்கணக்கில் ஆட்கள் தெருவுக்கு வந்த நேரம். பாட்டி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து டிவியில் பிரதமரைப் பார்த்துத் திட்டுவாராம். "அவங்க பேசுனதுல பாதிய நம்ம அக்கா மகன் பேசியிருந்தா அவன ஏத்தி அனுப்பியிருப்பானுவ" என்று மாமி இப்போது சொல்கிறார். பாட்டி அந்த வசந்த காலத்தில் இறந்துபோனார். மாமி ஊருக்கு வந்துவிட்டார். அக்டோபர் 7 அன்று ஹமாஸ் ஆட்கள் புகுந்து ஆயிரத்து இருநூறு பேர் வரைக்கும் கொன்று, இருநூற்றைம்பது பேருக்குமேல் பிடித்துக்கொண்டு போன சேதி வந்தபோது, மாமி அந்த மகளுக்கு நாள் முழுக்க போன் அடித்துக்கொண்டே இருந்தார். ராத்திரிதான் எடுத்தார்கள்.

இந்த மாமியும் சிரட்டை பிடித்துக்கொண்டு நின்றார், காசாக் குழந்தைகளுக்காக. ஜெபம் முடிந்து எல்லாரும் கலைகிற நேரம். கூட்டத்தில் ஒரு பையன், இருபது வயசு, காசாவில் செத்த குழந்தைகளின் படங்களை போனில் பார்த்துக் கண் சிவந்து நின்றவன், சத்தமாகச் சொன்னான்: "ஹிட்லரு அன்னிக்கே எல்லாத்தையும் முடிச்சிருக்கணும்."

மாமி சிரட்டையை மணலில் வைத்தார். திரும்பி நடந்து போய்விட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பையன் வேதனையில் பேசுகிறான், நல்ல காரியம் நடந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ராத்திரி மாமி வீட்டுக்குப் போனேன். "மக்களே, நான் குளிப்பாட்டுன கையி அது" என்றார். "அந்த நம்பருக்கு மேல நான் சோப்புப் போட்டுத் தேச்சிருக்கேன்."

அந்தப் பையனைச் சொல்லிக் குற்றமில்லை. நாங்கள் கேட்டு வளர்ந்ததுதான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தவக்காலத்தில் போடுகிற திருப்பாடுகளின் நாடகத்தில் யூதர்களாக வருகிறவர்களுக்கு மட்டும் கரி பூசி, கோரமாகத் தாடி ஒட்டுவார்கள். இயேசுவும் மாதாவும் சீடர்களும் யூதர்கள்தானே என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இயேசுவின் பாடுகளுக்கு அன்றைய யூதர்கள் எல்லாரையும், இன்றைய யூதர்களையும் பொறுப்பாக்கக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே எழுதிவைத்துவிட்டது. எங்கள் மேடைக்கு அது வந்து சேர வெகுகாலம் ஆனது. யூத வெறுப்பு என்ற ஒன்றே இல்லை, விமர்சகர்களை அடக்கக் கண்டுபிடித்த சொல் அது என்று சிலர் எழுதுகிறார்கள். 2018-ல் பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் பதினொரு பேரைச் சுட்டுக் கொன்றவன் எந்த நாட்டு அரசையும் விமர்சிக்க அங்கே போகவில்லை. 2008 மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதிகள் நரிமன் ஹவுஸ் என்ற யூத மையத்தைத் தேடிப் போனதும், அங்கே யூதர்கள் இருந்ததால்தான்.

ஆக, என் ஒரே படத்துக்குள் இரண்டும் இருந்தன. காலண்டர் தாளில் எழுதியது ஒரு நாட்டைப் பார்த்துச் சொன்னது. பையன் சொன்னது ஒரு மக்களைப் பார்த்துச் சொன்னது. முதலாவதைச் சொல்ல யாருக்கும் உரிமை வேண்டும். இரண்டாவதைக் கேட்டால் சும்மா இருக்கக் கூடாது. ஆனால் பயந்து பெயரை அழித்தது யார்? மெழுகுதிரி பிடித்த அக்கா மகன். அந்த வரையறையும் விசா சோதனையும் மாமியின் மனசைக் காப்பாற்ற ஒன்றும் செய்யவில்லை.

நாட்டையும் மக்களையும் ஒன்றாகக் கட்டிப்போடுகிற சட்டம் யூதர்களுக்கே கெடுதல் என்று நான் நினைக்கிறேன். இஸ்ரேலை விமர்சிப்பது யூதரை வெறுப்பது என்று ஓர் அரசாங்கமே சொல்லிக்கொண்டிருந்தால், அந்தப் பையன் மாதிரி ஆட்கள் அதையே திருப்பிப் போட்டு, அப்படியானால் இஸ்ரேல் செய்வதெல்லாம் யூதர்கள் செய்வதுதான் என்று எடுத்துக்கொள்வார்கள். ஸ்டெர்ன் சாட்சி சொன்னதன் அருமை எனக்கு மாமி வீட்டுத் திண்ணையில்தான் புரிந்தது.

கோடு போட முடியாது என்று இல்லை. பிரான்சில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இஸ்ரேல் பொருட்களை வாங்காதீர்கள் என்று துண்டறிக்கை கொடுத்த பதினொரு பேருக்கு அங்கே தண்டனை விதித்தார்கள். 2020 ஜூனில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அது அவர்களின் பேச்சுரிமையை மீறியது என்று தீர்ப்புச் சொன்னது. வன்முறைக்கோ வெறுப்புக்கோ தூண்டினால் அது வேறு. வாங்காதே என்பது அரசியல் பேச்சு. நம் நாட்டுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதையின் 196-ஆம் பிரிவும், மதம், இனம் பார்த்துப் பகையைத் தூண்டுவதைத்தான் குற்றமாக்குகிறது. அதை இங்கே எப்படியெல்லாம் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது வேறு கதை, இன்னொரு நாள் எழுத வேண்டியது.

அமெரிக்காவை மட்டும் சொல்லிவிட்டுப் போவதும் நியாயமில்லை. நம்முடைய அரசியல் சாசனம் 19(2)-ஐ எடுத்துப் பாருங்கள். எந்தெந்தக் காரணத்துக்காகப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்ற பட்டியலில் "வெளிநாடுகளுடன் நட்புறவு" என்று ஒன்று இருக்கிறது. 1950-ல் அது இல்லை. 1951-ல் முதல் திருத்தத்தில் சேர்த்தார்கள். எங்கள் கரையில் இருந்துகொண்டு அதை வாசித்தால் வயிறு கலங்கும். இலங்கைக் கடற்படை மீனவர்களைப் பிடிக்கிறது, படகை எடுத்துக்கொள்கிறது. நாங்கள் அந்த அரசைப் பேசாமல் யாரைப் பேசுவது? நட்புறவு கெடுகிறது என்று ஒரு நாள் யாராவது எங்கள் வாயை அடைக்க வந்தால், சாசனத்தில் அதற்கு வார்த்தை தயாராக இருக்கிறது.

அதே சமயம் எங்கள் பக்கத்துக் கறையையும் சொல்ல வேண்டும். 2012 செப்டம்பரில் பூண்டி மாதா கோயிலுக்கும் வேளாங்கண்ணிக்கும் வந்த இலங்கைத் திருப்பயணிகளின் பஸ்களை, அவர்கள் திரும்பிப் போகும்போது திருச்சிப் பக்கம் கல்லால் அடித்தார்கள். மாதாவைக் கும்பிட வந்த குடும்பங்கள். ராஜபக்ச அரசின்மேல் இருந்த கோபத்தைக் குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்திருந்தவர்கள்மேல் காட்டினார்கள். அன்றைக்கு நான் கொழும்பு அரசுக்கு எதிரான கூட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தக் கல்வீச்சை எந்தக் கூட்டத்திலும் நான் கண்டித்துப் பேசவில்லை. இரண்டாவது முறையும் அதே மாதிரி இருந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

அதனால் அந்தப் பையனைத் தேடிப் போனேன். அவன் கொச்சிக்குக் கிளம்புகிற நேரம். தோப்பும்படித் துறைமுகத்திலிருந்து தங்கலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போகிற படகில் வேலை. பையைக் கட்டிக்கொண்டிருந்தான். 2012-ல் அவனுக்கு ஏழெட்டு வயசு. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு என் அட்டைக்குப் பின்னால் நடந்தவன். "அன்னிக்கு இத்தாலிக்காரன் எல்லாரும் சாகணும்னு நாம சொன்னமா மக்களே?" என்று கேட்டேன். "இல்லக்கா." மாமி யாரைக் குளிப்பாட்டினார், எந்த நம்பருக்குச் சோப்புப் போட்டார் என்று சொன்னேன். அவனுக்கு அது தெரியாது. ரொம்ப நேரம் பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் பிள்ளைகளப் பாத்து வந்த கோவம்க்கா" என்றான். கோபம் சரிதான் என்றேன். அதைக் குறைத்துக்கொள்ள நான் சொல்லவில்லை.

கடலிலிருந்து திரும்பியதும் மாமி வீட்டுக்கு ஒரு துண்டு சூரை மீன் கொண்டுபோய்க் கொடுத்தானாம். என்ன பேசினார்கள் என்று மாமி சொல்லவில்லை. மரச்சீனிக் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள எனக்கும் ஒரு கிண்ணம் குழம்பு வந்தது.

அக்கா மகனுக்கு விசா கிடைத்துவிட்டது. அவன் எந்த ஊரில் என்ன படிக்கிறான் என்று இங்கே எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று அவன் கேட்டுக்கொண்டான். முகநூலில் இருந்த அந்தப் படத்தையே எடுத்துவிட்டேன். எடுக்கும் முன் மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு மாமியிடம் கொடுத்தேன். அதை ஷோகேஸில் சவ்தா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதில் எல்லாரும் இருக்கிறோம். காலண்டர் தாளைப் பிடித்த பிள்ளை, அக்கா மகன், அந்தப் பையன், சிரட்டையை இன்னும் கீழே வைக்காத மாமி.